கட்டைக் குழலுக்கு வெட்டின பள்ளம்

என்னைக் கோவக்காரன் எண்டு ஊரே சொல்லும். சொல்லட்டும். கோவம் வந்தா நான் கத்துவன், கத்தி முடிஞ்சா ஒரு பிளேன்டி குடிச்சிட்டு மறந்திருவன். ஆனா இந்த ரெண்டு மாசமா நான் ஆரோடயும் கத்தல்ல. கத்த ஏலாம இரிக்கி. இருந்த இடத்துல இருக்க ஏலா, படுத்தாக் கண் மூட ஏலா, பள்ளிக்குப் போனா எத்தின ரக்அத் தொழுதன் எண்டு எனக்கே தெரியா. என்ட பொண்டாட்டி ஹாஜறா, "நஸீம் மனிசன், உங்களுக்குச் சீனி கூடிட்டு, போய் ரத்தத்தக் குடுத்துப் பாருங்க" எண்டு காலையில தொடங்கி நச்சரிக்கிறா. சீனியும் இல்ல, ஒண்டும் இல்ல. நான் ஒரு பெட்டி வாங்கினன். அதுல வந்த வினை.

எனக்கு சம்மாந்துறைக்கு அங்கால, காட்டோரமா ஆறு ஏக்கர் காணி. பண்டிக் கூட்டம் ஒருக்காப் பூந்திச்செண்டா விடியப் போய்ப் பார்க்க, வேளாண்மை செஞ்ச இடமா, உழுது போட்ட இடமா எண்டு தெரியா. அதுக்காகத்தான் லைசன்சோட ஒரு துவக்கு வச்சிரிக்கன். குழல் கழட்டி மாட்டுற துவக்கு. உடம்பு ஒண்டு, குழல் ரெண்டு. நீட்டுக் குழல் யானைய வெருட்டுறதுக்கு. அதை ஆகாயத்துக்குப் புடிச்சி ஒரு வெடி வைக்கிற, அவ்வளவுதான். அதால ஒரு காகங்கூடச் செத்ததில்ல. கட்டைக் குழல் பண்டிக்கு.

துவக்கு வந்த அண்டே ஹாஜறா வாசல்ல குறுக்க நிண்டுட்டா. "பண்டி சுடுற குழல் என்ட ஊட்டுக்குள்ள வரக்குடா. நஜீஸ்!"

"அடி விசரி, குழலா போய்ப் பண்டியக் கட்டிப் புடிக்கிற? தோட்டாதான் படுற."

"எனக்குத் தெரியா. நான் குர்ஆன் ஓதுற ஊடு இது."

பள்ளி ஹஸரத்துக்கிட்டயும் போய்க் கேட்டன். அவர் சிரிச்சிட்டு, வைக்கலாம், அதுல ஒண்டும் இல்ல எண்டார். வந்து சொன்னன். "அப்ப அவர்ட ஊட்டுல கொண்டு வைங்க" எண்டுட்டா. இதுக்கு மேல என்னத்தச் சொல்ற?

அதுக்குப் பிறகுதான் குணத்துக்கிட்டக் குடுத்த. குணம் எனக்குப் பக்கத்துக் காணிக்காரன், பாண்டிருப்புத் தமிழாள். ஒரே வாய்க்கால்லதான் ரெண்டு பேருக்கும் தண்ணி. அவன் முதல்ல என்ட வயலுக்குத் தண்ணிய விட்டுட்டுத்தான் தன்ட வரம்ப வெட்டுவான், அப்படிப்பட்ட ஆள். "தா மச்சான், என்ட வீட்ட கிடக்கட்டும், எங்களுக்கு என்ன நஜீஸ்" எண்டு சிரிச்சிக்கிட்டு வாங்கினான். பதினொரு வருசம். கட்டைக் குழல் பாண்டிருப்புல, துவக்கும் நீட்டுக் குழலும் கல்முனைக்குடியில என்ட ஊட்டுல. வயல் வட்டைக்குப் போற நேரம் அவன் குழலோட வருவான், நான் துவக்கோட வருவன், வாடிக் குடிசையில வச்சி ரெண்டையும் பொருத்துவம். பண்டி விழுந்தா இறைச்சி அவனுக்கு, வேளாண்மை ரெண்டு பேருக்கும். அவன் இல்லாம எனக்குத் துவக்கு இல்ல, நான் இல்லாம அவனுக்கு இறைச்சி இல்ல.

இது சட்டத்துக்குச் சரியில்ல எண்டு எங்க ரெண்டு பேருக்கும் தெரியும். லைசன்ஸ் பொத்தகத்துல துவக்கு ஒண்டு, குழல் ரெண்டு எண்டு எழுதியிரிக்கி. எல்லாம் என்ட பொறுப்புல, என்ட ஊட்டுல இரிக்கணும். ஆனா வருசா வருசம் நான் சாக்குல சுத்தித் துவக்க அம்பாறை லைசன்ஸ் ஒப்பீசுக்குக் கொண்டு போவன், அவங்க நம்பரப் பார்ப்பாங்க, முத்திரை குத்துவாங்க. குழல ஆரும் எண்ணினதில்ல.

இந்த வருசம் ஒரு கடிதம் வந்திச்சி. இனிச் சாக்கு, போர்வை, பாய் ஒண்டும் சரிவராதாம். பூட்டுப் போட்ட கெட்டியான பெட்டியிலதான் துவக்கு வரணுமாம். அடுத்த வியாழக்கிழமைதான் கடைசி நாள், தவறினா லைசன்ஸ் இல்ல. லைசன்ஸ் போனா துவக்கு போச்சி, துவக்கு போனா அந்த ஆறு ஏக்கரையும் பண்டிக்கு எழுதிக் குடுத்திட்டு நான் கடற்கரையில போய்க் காத்து வாங்க வேண்டியதுதான்.

அச்சிமுகம்மது காக்காட கடைக்குப் போனன். கல்முனை பசாருல ஆணி, பூட்டு, மேசன்மாருட சாமான் எல்லாம் விக்கிறவர். வாய் மட்டும் ஓயாது.

"பலகையில ஒண்டு அடிச்சிருவமா காக்கா?" எண்டு கேட்டன்.

"அடிக்கலாம். நீ அத ஆட்டோவுல வச்சிக் கொண்டு போகக்குள்ள மையத்துச் சந்தூக்கு எண்டு நினைச்சி நாலு பேர் கலிமாச் சொல்லிக்கிட்டுப் பின்னால வருவானுகள். பறவாயில்லயா?"

"தகரத்துல?"

"கடல் காத்துக்கு ஒரு மாரி தாங்கும். அடுத்த மாரிக்குத் துவக்குக்கும் சேத்துக் கறள் புடிக்கும். இஞ்ச வா."

உள்ளுக்குக் கூட்டிக்கிட்டுப் போய்க் கறுத்தப் பெட்டி ரெண்ட இறக்கி வச்சார். பொல்லாத பிளாஸ்ரிக். மூடிய மூடிட்டு மேல ஏறிக் குந்தினார். "நான் தொண்ணூறு கிலோ. பாரு, நெளியுதா?" நெளியல்ல. மூடி ஓரத்துல சுத்தி ரப்பர், உப்புக் காத்துப் போகாது. ரெண்டு அந்தத்துலயும் பூட்டுப் போட ஓட்டை. "ஒரு பூட்டுப் பெட்டி வாங்காத. மத்தப் பக்கத்தால நெம்பிக் கையப் போட்டிருவானுகள்." மூடிட பிணைச்சலுக்குள்ள உருக்குக் கம்பி போட்டிரிக்கா எண்டு விரலால தடவிப் பார்க்கச் சொன்னார். பார்த்தன்.

ஒரு பெட்டி நீட்டு. துவக்கப் பொருத்தினபடி வைக்கலாம். மத்தது குட்டை, கழட்டி வைக்கிறது. உள்ளுக்குத் தடிச்ச ஸ்பொஞ்ச், சாமான்ட அளவுக்கு வெட்டி எடுக்கணும்.

"ஒரு குழலுக்கு மட்டும் வெட்டினாப் போதும் காக்கா" எண்டுதான் நான் முதல்ல சொன்னன். அல்லாஹ் அறிய, அப்படித்தான் சொன்னன்.

"உனக்கு ரெண்டு குழல் இரிக்கே. மத்தத என்ன தலையணைக்குக் கீழயா வைக்கப் போற? துவக்குக்கு ஒரு பள்ளம், குழலுக்கு ஒவ்வொரு பள்ளம், நடுவுல ரெண்டு விரல் தடிப்புக்கு ஸ்பொஞ்ச விட்டுருவம். ஒண்டோட ஒண்டு படாது, உரசாது."

ஒண்டோட ஒண்டு படாது எண்டு அவர் சொன்ன உடன எனக்குக் கண் திறந்த மாதிரி இருந்திச்சி. ஹாஜறாக்குப் போன் எடுத்தன்.

"ஒரே பெட்டிதான். ஆனா நடுவுல சுவர் இரிக்கி. பூட்டினா நீ அதக் காணவும் மாட்டாய்."

அவ அங்கால ஒரு "யா அல்லாஹ்" போட்டா. பிறகு, "எத்தின விரல் சுவர்?"

"ரெண்டு."

"மூண்டாக்கச் சொல்லுங்க. அப்பவும் ஊட்டுக்குள்ள எண்டு நான் சொல்லல்ல. யோசிப்பம்."

பதினொரு வருசத்துல அவ யோசிப்பம் எண்டு சொன்ன முதல் தரம் அதுதான். எனக்கெண்டா பெருநாள் வந்த மாதிரி. மூண்டு விரல் சுவரோட ரெண்டு பள்ளம் வெட்டுங்க எண்டுட்டன். குணத்துக்குச் சொன்னன், அவன் ஒரு பழைய கலண்டர்த் தாளுல கட்டைக் குழல வச்சிச் சுத்தி வரப் பென்சிலால கீறிக் கொண்டாந்து தந்தான். அதப் பார்த்துத்தான் அச்சிமுகம்மது காக்கா கத்தியால வெட்டினார். அவ்வளவு அச்சொட்டா வெட்டின பள்ளம். வெறும் பள்ளத்தப் பார்த்தாலே அதுல என்ன கிடக்கணும் எண்டு சின்னப் புள்ளைக்கும் தெரியும்.

வியாழக்கிழமை காலையில ஏழு மணிக்குக் காரைதீவுச் சந்தியில குணம் குழலோட நிப்பான், அங்க வச்சிப் பெட்டிக்குள்ள போடுற, என்ட ஆட்டோவுல ரெண்டு பேருமா அம்பாறைக்குப் போற. இதுதான் கதை. நான் ஆறே முக்காலுக்கே போயிட்டன்.

ஏழு மணி. ஆள் இல்ல. ஏழேகால். போன் எடுத்தன், மணி போச்சி, தூக்கல்ல. மறுகா எடுத்தன், நிப்பாட்டியிரிக்கி. ஆட்டோவ விட்டு இறங்கினன், ஏறினன், இறங்கினன். பெட்டியத் திறந்து பார்த்தன், மூடினன். வாழைப்பழம் விக்கிறவன், "என்ன நானா, பஸ்ஸ விட்டுட்டயளா?" எண்டு கேட்டான். ஆட்டோவோட நிக்கிறவனிட்ட கேக்கிற கேள்வியா இது? அவனோட ஒரு ஏச்சு. ஏழரை. பாண்டிருப்புக்கே போய்ப் பார்ப்பமா எண்டு நினைச்சன். நான் அங்கால போக அவன் இஞ்சால வந்தா? போகல்ல. எட்டு மணி.

இப்ப ஒண்டச் சொல்றன், சொல்ல வெக்கமா இரிக்கி. எட்டு மணிக்குப் பிறகு நான் குணத்தக் குணம் எண்டு நினைக்கல்ல. அவங்கட ஆக்கள், எங்கட ஆக்கள் எண்டு மனசு போகத் தொடங்கிட்டு. இறைச்சிக்காகத்தான் இவ்வளவு நாளும் சிரிச்சிக்கிட்டுத் திரிஞ்சானா? குழல வித்துப் போட்டானா? ஆரும் சொல்லிக் குடுத்தாங்களா, இவன மாட்டி விடு எண்டு? பதினொரு வருசமா என்ட வயலுக்கு முதல்ல தண்ணி விட்டவனப் பத்தி நடுச்சந்தியில நிண்டு இப்படி நினைச்சன். எட்டரைக்கு ஆட்டோவ எடுத்தன். போற வழி முழுக்க அவனத்தான் ஏசிக்கிட்டுப் போனன்.

அம்பாறையில வரிசை. எனக்கு முன்னால இருவது பேர், எல்லார்ட கையிலயும் விதம் விதமாப் பெட்டி. ஒருத்தர் கீபோட் வாத்தியம் வைக்கிற பெட்டியோட வந்து சிரிப்பு வாங்கினார். என்ட பெட்டியப் பார்த்து ரெண்டு பேர் எங்க வாங்கின எண்டு கேட்டாங்க. அந்த நேரத்துலயும் எனக்கு ஒரு சின்னப் பெருமை. மனிசன் எண்டா இப்படித்தான்.

என்ட முறை வந்திச்சி. மேசையில அதிகாரி ஒராள், சிங்களம் கதைக்கிறவர், மரியாதையான மனிசன். பக்கத்துல எழுதுற தங்கச்சி ஒருத்தி, அவதான் தமிழ்ல கேக்கிறவ. ரெண்டு பூட்டையும் திறந்தன். அதிகாரி பெட்டியப் பார்த்து நல்லம் எண்டு தலையாட்டினார். துவக்குட நம்பரப் பார்த்தார். நீட்டுக் குழல்ட நம்பரப் பார்த்தார். பிறகு வெறும் பள்ளத்தப் பார்த்தார். விரலால ஒருக்கா அதுட அடியத் தட்டினார். லைசன்ஸ் பொத்தகத்தப் புரட்டி, குழல் ரெண்டு எண்ட இடத்துல விரல வச்சார்.

"சேர் கேக்கிறார், மத்தக் குழல் எங்கயாம்?"

சாக்குல கொண்டு போயிருந்தா ஆரு கேட்டிருப்பா? ஒரு குழலுக்கு மட்டும் வெட்டியிருந்தா ஆரு கேட்டிருப்பா? ஊட்டுல மறந்துட்டன் எண்டு சொல்லியிருக்கலாம். சொன்னா, போய் எடுத்துக்கிட்டு வா எண்டுவாங்க, ஊட்டுல எங்க இரிக்கி எடுக்கிறதுக்கு? குணத்துக்கிட்ட இரிக்கி எண்டு சொன்னா லைசன்ஸ் அதோட முடிஞ்சி, வழக்கும் வரும். வழி முழுக்க ஏசிக்கிட்டு வந்த அந்தக் கோவம்தான் வாய்க்கு வந்திச்சி.

"களவு போயிட்டு" எண்டன்.

தங்கச்சி அதச் சிங்களத்துல சொன்னா. அதிகாரி நிமிர்ந்து உக்காந்தார். எப்ப, எங்க, பொலிசுல முறைப்பாடு குடுத்தயா எண்டு கேட்டார். இப்பதான் தெரிய வந்த, வட்டையில வாடிக்குள்ள வச்சிருந்த எண்டு என்னமோ உளறினன். அவ ஒரு புதுத் தாள எடுத்து எழுதத் தொடங்கினா.

"ஆரிலயும் சந்தேகம் இரிக்கா?"

இல்ல எண்டு சொல்ல ஒரு சொல் போதும். ஒரே ஒரு சொல்.

"பக்கத்துக் காணிக்காரன்."

"பேர்?"

சொன்னன். எழுதினா. நான் நிண்டு பார்த்துக்கிட்டிருக்கத்தான் எழுதினா.

தாள் எழுதி முடிய முந்தி, வாசல் காவல்காரனோட ஒராள் உள்ளுக்கு வந்தான். சேட்டு முதுகோட ஒட்டிப் போய், முழங்கால் வரைக்கும் வயல் சேறு. தோள்ல, தண்ணிக்குப் போடுற வெள்ளைப் பிளாஸ்ரிக் குழாய்த் துண்டு ஒண்டு, ரெண்டு பக்கமும் மூடி போட்டு இறுக்கி. குணம். என்னக் கண்டவுடன முகமெல்லாம் சிரிப்பு.

"மச்சான், மன்னிச்சிக்க. கல்முனையால வரக்குள்ள ரோட்டுல செக்கிங். என்னட்டப் பேப்பரும் இல்ல, கையில குழல். பயத்துல போனையும் நிப்பாட்டிட்டன். திரும்பிப் போய் சைக்கிள எடுத்து வயல் ரோட்டால சம்மாந்துறைக்கு வந்து, அங்க இருந்து பஸ் ஏறினன். பிந்திட்டனா?"

குழாய்ட மூடியத் திறந்தான். எண்ணெய் ஊறின வேட்டித் துண்டுல சுத்தி, கட்டைக் குழல் வந்திச்சி. பதினொரு வருசம் கடற்கரை ஊர்ல கிடந்த இரும்பு, ஒரு புள்ளிக் கறள் இல்ல. தன்ட கையால அந்தப் பள்ளத்துல வச்சான். இறுக்கமாப் போய் இருந்திச்சி.

அதிகாரி அவனப் பார்த்தார், என்னப் பார்த்தார். தங்கச்சி கேட்டா, "உங்கட பேர்?"

"குணரெத்தினம்."

அவ தாளப் பார்த்து வாசிச்சா. "கந்தப்போடி குணரெத்தினம். பாண்டிருப்பு. நீங்கதானா?"

குணம் ஓம் எண்டான். பிறகுதான் அவனுக்கு உறைச்சிச்சி. மேசைக்குக் குனிஞ்சி அந்தத் தாளப் பார்த்தான். தமிழ்லதான் எழுதியிருந்தா. வாசிச்சான். நான் நிலத்தப் பார்த்தன்.

அந்த இடத்துல அவன் ஒரு சத்தம் போட்டிருந்தா, என்ட கழுத்தப் புடிச்சிருந்தா, நான் இண்டைக்குச் சும்மா நித்திரை கொள்ளுவன். அவன் என்ன செஞ்சான் தெரியுமா? நிமிர்ந்து நிண்டு, பதறாமச் சொன்னான்.

"ஓம் தங்கச்சி, நான்தான் எடுத்தன். வாடிக்குள்ள கிடந்தது. கூரை ஒழுகுது, நனைஞ்சிரும் எண்டு வீட்ட கொண்டு போய் வச்சன். இவருக்குச் சொல்ல மறந்திட்டன். இவர் தேடியிருப்பார். பிழை என்னிலதான்."

அதிகாரிக்கு நம்பிக்கை வரல்ல, முகத்துலயே தெரிஞ்சிச்சி. ஆனா குழல் வந்திட்டு, நம்பரும் சரி. என்னக் கண்ட கண்ட இடத்துல வைக்கிறதா எண்டு ஏசினார். குணத்துட வாக்குமூலத்த அதே தாளுல கீழ எழுதிக் கையெழுத்து வாங்கச் சொன்னார். அடையாள அட்டை நம்பரையும் எழுதினாங்க. அந்தத் தாள் பொலிசுக்குப் போகுமாம், கூப்பிட்டா குணம் போகணுமாம்.

பேனைய வாங்கினவன், மேல எழுதியிருந்த தன்ட பேர முதல்ல விரலால தொட்டுப் பார்த்தான். தொண்ணூறாம் ஆண்டு சண்டைக்குள்ள அவன்ட அண்ணன ஒரு தாளுல இருந்த பேரப் பார்த்துத்தான் கூட்டிக்கிட்டுப் போனாங்க. திரும்பி வரல்ல. அண்டையில இருந்து குணம் எந்தத் தாளுலயும் தன்ட பேர் எழுத விடமாட்டான். உர மானியத்துக்கே பொண்டாட்டிட பேர்லதான் பதிவான். இது எனக்குத் தெரியும். வாடியில வச்சி எனக்கு மட்டும் சொன்ன கதை அது. அப்பிடிப்பட்டவன்ட பேர், ஒரு துவக்குக் குழலோட சேர்ந்து, என்ட வாயால எழுதப்பட்டு, அதுக்குக் கீழ அவனே கையெழுத்தும் வைக்கிறான். நான் பெட்டிய மூடி ரெண்டு பூட்டையும் போடுறன். என்ட லைசன்சுல முத்திரை விழுந்திச்சி.

வெளியில வந்தவுடன ஆட்டோக் கதவுக்கிட்ட நிண்டு, "ஏறு மச்சான்" எண்டன்.

"நான் பஸ்ல போறன். சைக்கிள் சம்மாந்துறையில நிக்குது."

"அங்க இறக்கி விடுறன் வா."

"வேணாம்."

றோட்டக் கடந்து பஸ் நிக்கிற இடத்துக்குப் போனான். நான் பெட்டியத் தூக்கிக்கிட்டே பின்னால போனன். "குணம், நான் இப்பவே உள்ளுக்குப் போறன். போய் உள்ளதச் சொல்லிர்றன். நான்தான் குடுத்து வச்சன் எண்டு. துவக்கு போனாப் போகட்டும். பண்டி திண்டாத் திங்கட்டும்."

"போகாத. இப்ப சொன்னா நான் பொய் சொன்னன் எண்டு வரும். என்ட பேர்ல இன்னொரு தாள் எழுதுவாங்க."

அதுதான் உண்மை. அஞ்சு நிமிசத்துக்கு முந்தி சொல்லியிருந்தா நான் மாட்டியிருப்பன். இப்ப சொன்னா மாட்டுறவன் அவன். வாயத் திறக்க வேண்டிய நேரத்துல மூடிக்கிட்டு நிண்டுட்டு, திறக்கக் குடாத நேரத்துல துள்ளுறன்.

"பயத்துல சொல்லிட்டன் மச்சான். நீ வரல்ல எண்டு கோவம், பயம், எல்லாம் சேர்ந்து வந்திட்டு. யோசிக்காம வாயில வந்தத..."

அவன் என்னத் திரும்பிப் பார்த்தான். கோவம் இல்ல அந்த முகத்துல. அதுதான் தாங்க ஏலாம இரிக்கி.

"பயத்துல சொல்றவன் குணம் எண்டுதான் சொல்லுவான். நீ என்ட அப்பாட பேரையும் சேத்து, ஊரையும் சொல்லி, முழுசாக் குடுத்திருக்காய்."

பஸ் வந்திச்சி. நான் அவன்ட கையப் புடிச்சன். மெதுவாக் கழட்டிட்டு ஏறிட்டான்.